பின் டிஃபரன்ஷியல் புஷ் மாற்றுவது: வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு

மலையேறும்போது இரண்டாவது கியரில் வளைவுக்காக ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின் சீட்டுக்கு அடியில் ‘டொக்’. வளைவு முடிந்து மறுபடி மிதித்ததும் இன்னொரு ‘டொக்’. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கணக்குப் போட்டால் மேலே போய்ச் சேர்வதற்குள் எண்பது முறை கேட்டிருப்பீர்கள். சமதளத்தில், பொள்ளாச்சி–பாலக்காடு சாலையில் ஒரே சீராக ஓட்டும்போது இது கேட்காது. பின்சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதைத் தாங்கிப் பிடிக்கும், உள் குழாய்க்கும் வெளி ஸ்லீவுக்கும் (வெளிக் குழாய்) நடுவே ரப்பர் வைத்த பாகம் புஷ். சுமை ஏறி இறங்கும்போது மட்டும் வரும் இந்தச் சத்தம்தான் டிஃபரன்ஷியல் புஷ் போய்விட்டதற்கான முதல் அடையாளம்.

இந்த வேலை புதியவர்கள் நினைப்பதுபோல் போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை அல்ல. கழற்றுவது ஒரு காலைப்பொழுது வேலைதான். புஷ்ஷை அதன் ஓட்டையிலிருந்து நேராக வெளியே எடுப்பதும், புதியதை நேராக உள்ளே ஏற்றுவதும்தான் மொத்த வேலையும். அதற்கான கருவியை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே லேத் பட்டறையில் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி ஸ்டாண்டில் ஏறி, டிஃபரன்ஷியல் தரையில் கிடக்கும்போது ‘இதை எப்படித் தள்ளுவது’ என்று யோசிப்பவர்கள்தான் கடைசியில் சுத்தியலை எடுத்து ஓட்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வண்டியில் இந்தப் புஷ் இருக்கிறதா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன்சக்கர ஓட்ட வண்டிகளில் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. அம்பாசிடர், ஜீப், பொலேரோ, ஹைகிராஸ் தவிர மற்ற இன்னோவா, பழைய சஃபாரி ஆகியவற்றில் உண்டு. ஆனால் அது ஆக்சிலோடு ஒரே உடம்பாக இருந்து, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அதற்குத் தனிப் புஷ் இல்லை. அவற்றில் ‘டொக்’ வந்தால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் புஷ், லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ், பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் (ஓட்டத்தைப் பின்னால் கொண்டுபோகும் நீளத் தண்டு) கிராஸ் ஜாயிண்ட் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் புஷ் இருப்பது பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளில்: பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி குவாட்ரோ, நால்சக்கர ஓட்டம் கொண்ட ஹோண்டா சிஆர்-வி, எக்ஸ்யூவி500 போன்றவை. இவற்றில் டிஃபரன்ஷியல் பெட்டி சப்ஃப்ரேமில் (பாடிக்கு அடியில் இருக்கும் உலோகச் சட்டம்) மூன்று அல்லது நான்கு இடங்களில் ரப்பர் புஷ் வழியாகத் தொங்குகிறது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டாம் கையாக இங்கே வரும் சொகுசு வண்டிகளில் இது அடிக்கடி கண்ணில் படும். பல வருட மழையில் ஓடிய வண்டி என்றால் போல்ட்டுகளும் துருவேறித்தான் இருக்கும். அதற்கும் சேர்த்தே தயாராகுங்கள்.

புஷ் ஏன் போகிறது

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 4, டிஃபரன்ஷியலின் விகிதம் 3.5 என்றால் சக்கரங்களுக்குப் போவது 2,800 நியூட்டன் மீட்டர். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே அளவு விசை டிஃபரன்ஷியல் பெட்டியை எதிர்ப்பக்கமாகத் திருப்பப் பார்க்கும். அதாவது அதன் மூக்கை (முன்முனையை) மேலே தூக்கும். முன் புஷ்ஷுக்கும் பின் புஷ்ஷுக்கும் 40 செ.மீ. இடைவெளி இருந்தால் முன் புஷ் தாங்க வேண்டியது சுமார் 7,000 நியூட்டன், கிட்டத்தட்ட 700 கிலோ. காலை எடுத்ததும் இன்ஜின் பிரேக்கில் மூக்கு கீழே இறங்கும். ரிவர்ஸிலும் அப்படித்தான். இதனால்தான் பெரும்பாலும் முன் புஷ் முதலில் கிழிகிறது.

வயது, வெப்பம், முரட்டு கிளட்ச் இவற்றைத் தவிர இன்னொரு எதிரியும் உண்டு: கியர் ஆயில். பினியன் (ஓட்டம் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பல்சக்கரம்) சீலோ பக்கவாட்டு ஷாஃப்ட் சீலோ கசிந்து புஷ்ஷின் மேல் எண்ணெய் படிந்தால் ரப்பர் ஊதி, மிருதுவாகி, உலோகத்திலிருந்து உரிந்துவிடும். பழைய புஷ் எண்ணெயில் நனைந்திருந்தால் சீலை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது

‘டொக்’ சத்தத்துக்கு இன்னும் ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம்: பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், ரப்பர் கப்ளிங், நடு பேரிங், பக்கவாட்டு ஷாஃப்ட் ஜாயிண்ட், சப்ஃப்ரேம் புஷ், கியர்பாக்ஸ் மவுண்ட். ஒவ்வொன்றையும் கையால் பிடித்துப் பாருங்கள். பிராப்பல்லர் ஷாஃப்ட்டை ஜாயிண்டின் இரு பக்கமும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் கிராஸில் கொஞ்சமும் லூஸ் தெரியக்கூடாது. கூவல் சத்தம் வேறு விஷயம்: 60, 80 கி.மீ. வேகத்தில் இழுத்துக் கூவினால் அது கியர் பல் அல்லது பேரிங். புஷ் மாற்றி அது போகாது.

புஷ்ஷைச் சோதிக்க எளிய வழி கைபேசி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, முன்னும் பின்னும் ஆப்பு வைத்துவிடுங்கள். கைபேசியைப் பின் அச்சுக்கு அருகே தரையில் சாய்த்து, வீடியோ ஓடவிடுங்கள். ஓட்டுநர் பிரேக்கை முழுதாக மிதித்தபடி ஆட்டோமேட்டிக் என்றால் டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றட்டும். மேனுவல் என்றால் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கடிக்கும் இடம் வரை மட்டும் விடட்டும். அந்நேரம் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. அடியில் நுழைவது பற்றிப் பேச்சே வேண்டாம். நல்ல புஷ் என்றால் டிஃபரன்ஷியல் சில மில்லிமீட்டர் அசைந்து மெதுவாகத் திரும்பும். போன புஷ் என்றால் மூக்கு எழும்பி இரும்பில் இடிப்பது தெளிவாகத் தெரியும்.

பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டிஃபரன்ஷியலுக்கும் சப்ஃப்ரேமுக்கும் இடையே கடப்பாறை வைத்து மிதமாக நெம்புங்கள். ரப்பரின் மேல்பரப்பில் முடிபோன்ற வெடிப்பு இருப்பது மட்டும் குற்றமில்லை. ரப்பர் உள் குழாயைச் சுற்றி விட்டிருந்தாலோ, உள் குழாய் நடுவிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, கறுத்த திரவம் ஒழுகியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். சில வண்டிகளில் புஷ்ஷுக்குள்ளேயே திரவம் நிரப்பியிருப்பார்கள். அது ஒழுகிவிட்டால் மீதி ரப்பர் நன்றாக இருந்தாலும் பயனில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

புஷ்களை முழு செட்டாக மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அசைவு முழுவதும் மற்றதில் போய் விழும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகம் கேளுங்கள். ஒரே மாடலில் மேனுவல், ஆட்டோமேட்டிக், டீசல், பெட்ரோல் என்று புஷ் மாறுவது சாதாரணம். புஷ்ஷோடு சேர்த்துப் பின்வருவனவும் வேண்டும்: நைலாக் நட்டுகள் புதிதாக, இத்தனை டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கில் முறுக்க வேண்டிய போல்ட் என்றால் அதுவும் புதிதாக, ஆயில் பிளக் வாசர் இரண்டு, பிராப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டுகள், சைலன்ஸர் ரப்பர், கசிவு இருந்தால் சீல்.

கியர் ஆயில் பெரும்பாலான வண்டிகளுக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-5. ஒரு லிட்டர் முன்பின் பிடிக்கும்; ஒன்றரை லிட்டர் வைத்துக்கொண்டால் நடுவில் கடைக்கு ஓட வேண்டாம். ஆனால் நால்சக்கர ஓட்ட சிஆர்-விக்கு இந்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அதன் பின் டிஃபரன்ஷியலுக்குள் கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட்தான் அதற்கு. தவறான ஆயில் போனால் திருப்பங்களில் முனகல் தொடங்கிவிடும்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கையாலேயே மாட்டிவிடலாம், பிரஸ் வேண்டாம், பல வருடம் உழைக்கும். எல்லாம் உண்மை. ஆனால் ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த கியர் கூவல் முழுவதும் அதன் பிறகு சீட்டுக்குள் வரும். கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 80 என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 95 பந்தய வண்டிக்கு. குடும்பத்தோடு போகும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது எங்கள் முடிவு.

லேத் பட்டறைக்குப் போகும் முன்

பொள்ளாச்சியிலோ கோவையிலோ கஞ்சிக்கோட்டிலோ லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வெர்னியரால் புதுப் புஷ்ஷை அளந்து, படம் வரைந்து எடுத்துப்போங்கள். புஷ்ஷையும் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. வேண்டியவை மூன்று: வாங்கும் குழாய், தள்ளும் வட்டு, நடுவில் ஓட்டையுள்ள தடித்த தட்டு.

ஒரு எடுத்துக்காட்டு. புஷ்ஷின் வெளிவிட்டம் 60 மி.மீ., வெளி ஸ்லீவின் நீளம் 50 மி.மீ., உள் குழாய் இருபுறமும் 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் குழாயின் உள்விட்டம் 62, நீளம் 80, சுவர்த் தடிமன் 6 அல்லது 7 மி.மீ. இது சப்ஃப்ரேமின் வளையத்தின்மேல் உட்கார்ந்து, வெளியே வரும் பழைய புஷ்ஷைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். தள்ளும் வட்டின் விட்டம் 59.2 மி.மீ., தடிமன் 20. அதன் ஒரு முகத்தில் 55 மி.மீ. விட்டத்தில் 8 மி.மீ. ஆழம் குடைந்துவிடச் சொல்லுங்கள். அப்போது வட்டின் விளிம்பு மட்டும் வெளி ஸ்லீவில் படும். உள் குழாயும் ரப்பரும் குடைவுக்குள் போய்விடும். இந்தக் குடைவை விட்டுவிட்டால் விசை முழுவதும் உள் குழாயில் இறங்கி, புதுப் புஷ் வண்டியில் ஏறுமுன்னே உள்ளுக்குள் கிழிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. தட்டு 12 முதல் 15 மி.மீ. தடிமன்.

நடுவில் போகும் ஸ்டட் (மரைக்கம்பி) உள் குழாயின் அளவைப் பொறுத்தது. புஷ்ஷின் போல்ட் எம்12 என்றால் ஸ்டட்டும் எம்12தான் நுழையும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் நீளத்தில் விற்கும் சாதாரண மரைக்கம்பி 4.6 தரம், எம்12-இல் அது இரண்டு டன் இழுவைக்கே நீளத் தொடங்கும். 8.8 தரம் ஏறக்குறைய ஐந்து டன் தாங்கும். ஆகவே 8.8 அல்லது 10.9 தரத்தில் 300 மி.மீ. நீளம், அதே தரத்தில் உயரமான நட்டு இரண்டு. சுழற்றும் நட்டுக்கு அடியில் ஒரு திரஸ்ட் பேரிங் வையுங்கள்: எம்12-க்கு 51101, எம்14-க்கு 51102. சின்னப் பாகம்தான். ஆனால் நட்டு தட்டில் உராய்ந்து கடிப்பது நின்று, கொடுக்கும் பலம் முழுவதும் இழுவையாக மாறும். மரையில் மாலிப்டினம் கிரீஸ் தடவுங்கள்.

கருவி முழுவதையும் கோத்தால் ஒரு பக்கத்தில் 120 முதல் 130 மி.மீ. இடம் வேண்டும். வண்டிக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்கும் புஷ்ஷுக்கும் இடையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். இல்லையென்றால் சப்ஃப்ரேமையும் இறக்க வேண்டிவரும். அது வேறு அளவிலான வேலை, தனியாளாகத் தொடாதீர்கள். சில வண்டிகளில் புஷ் தனி பிராக்கெட்டில் இருக்கும். அது அதிர்ஷ்டம். பிராக்கெட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சில நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

தூக்குவது

கான்கிரீட் தரை வேண்டும். மண் வாசல், செம்மண் தரை என்றால் ஸ்டாண்ட் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு அங்குலப் பலகை போடுங்கள். ஜூன் மாதத்துச் சாரலில் நனைந்த மண்ணில் ஸ்டாண்டின் கால் சத்தமில்லாமல் இறங்கும். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்குவது கூடவே கூடாது. ஸ்டாண்டை சப்ஃப்ரேமில் வைக்காமல், பாடியின் ஜாக்கி முனைகளில் வையுங்கள். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் ஆப்பு. ஏற்றிய பிறகு வண்டியைத் தோளால் தள்ளிப் பாருங்கள். இடிந்து விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைப்பதும் நல்ல பழக்கம்.

போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நெகிழ்த்தும் எண்ணெய் அடித்துவிடுங்கள். அலுமினியப் பெட்டியில் இரும்பு போல்ட் இருக்கும் இடங்களில் இரண்டு முறை அடியுங்கள்.

டிஃபரன்ஷியலை இறக்குவது

ஆயிலை மாற்றுவதாக இருந்தால் முதலில் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகுதான் வடிக்கும் பிளக். மாற்றிச் செய்து, ஆயில் வடிந்தபின் மேல் பிளக் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். சைலன்ஸரின் பின்பகுதியை இறக்குங்கள். ரப்பர் தொங்கலில் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கி வரும்.

பிராப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் குறுக்கே பெயிண்ட் கோடு போடுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் ஓடும்போது அதிர்வு வரும். போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். ஃபிளாஞ்சின் நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும்: பினியன் நட்டு. அதைத் தொடவே கூடாது. உள்ளே பேரிங்கின் இறுக்கம் அந்த நட்டைப் பொறுத்துத்தான் அமைந்திருக்கிறது. ஒருமுறை நெகிழ்த்திவிட்டால் வெறுமனே திரும்ப இறுக்கினால் போதாது; டிஃபரன்ஷியலையே பிரித்துச் சரிசெய்ய வேண்டிவரலாம்.

பக்கவாட்டு ஷாஃப்ட்டுகள் உள்ளே ஃபிளாஞ்சில் போல்ட் போட்டிருந்தால் கழற்றி, அவற்றையும் கம்பியால் கட்டுங்கள். தொங்கவிட்டால் ஜாயிண்ட் தன் எல்லைக்கு மேல் வளைந்து, அதை மூடியிருக்கும் பூட் கிழியும். செருகியிருக்கும் வகை என்றால் நெம்பி எடுக்கும்போது சீலின் உதட்டில் கீறல் விழாமல் பாருங்கள். சென்சார் வயர், மூச்சுக்குழாய் இரண்டையும் மறக்காமல் விடுவியுங்கள். நால்சக்கர ஓட்ட வண்டிகளில் கப்ளிங்குக்கு இன்னொரு வயர் உண்டு.

டிஃபரன்ஷியல் 30 கிலோ முன்பின் இருக்கும். டிராலி ஜாக்கியின் மேல் பலகை வைத்து, அதன்மேல் டிஃபரன்ஷியலை உட்கார்த்தி, நாடாவால் கட்டுங்கள். எல்லா மவுண்ட் போல்ட்டுகளையும் முதலில் நெகிழ்த்தி, பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். ஜாக்கி சரியான உயரத்தில் இருந்தால் போல்ட் கையாலேயே சுழன்று வரும். இழுத்துப் பிடித்தால் ஜாக்கியை ஓரிரு மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். சுத்தியலால் அடித்து மரையைக் கெடுக்க வேண்டாம். எந்த போல்ட் எந்த ஓட்டை என்று அட்டையில் குத்தி வையுங்கள், நீளம் மாறியிருக்கும்.

பழைய புஷ்ஷை எடுப்பது

தொடுவதற்கு முன் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். ரப்பரில் காலி இடங்கள், அம்புக்குறி, ஒரு பக்கத்து விளிம்பு இவை எந்தத் திசையில் இருக்கின்றன என்று சப்ஃப்ரேமிலேயே சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள். புஷ் ஓட்டையின் முகத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதுங்கள். ரப்பரின் காலி இடங்கள் அலங்காரம் அல்ல; ஒரு திசையில் மிருதுவாகவும் மற்றதில் விறைப்பாகவும் இருக்கவே அப்படி வார்த்திருக்கிறார்கள். 90 டிகிரி திருப்பி ஏற்றினால் மூக்கு எழும்பும் திசையில் பிடிப்பு இல்லாமல், புதுப் புஷ்ஷிலும் ‘டொக்’ தொடரும்.

புஷ்ஷின் ஒரு பக்கம் விளிம்பு வெளியே மடிந்திருந்தால் அது அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். வாங்கும் குழாயை அந்தப் பக்கம் வைத்து, தள்ளும் வட்டை எதிர்ப்பக்கம் வைத்து, ஸ்டட்டைச் செருகி நட்டை இறுக்குங்கள். முதலில் ஒன்றும் நகராது. பிறகு துரு விடும்போது ‘படக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நட்டு சுழல்கிறது, புஷ் நகரவில்லை, ஸ்டட்டின் மரை மெலிந்து நீள்கிறது என்றால் நிறுத்துங்கள். முகத்தை ஸ்டட்டின் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள்.

வரவே வராத புஷ்ஷுக்கு வேறு வழி: 6 மி.மீ. டிரில்லால் ரப்பரைச் சுற்றிலும் ஓட்டை போட்டு, உள் குழாயை வெளியே எடுங்கள். மிச்ச ரப்பரைச் சுரண்டுங்கள். ஹாக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து, வெளி ஸ்லீவை ஒரே இடத்தில் நீளவாக்கில் அறுங்கள். முழுத் தடிமனும் அறுக்க வேண்டியதில்லை. காகிதத் தடிமன் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, உளியால் ஸ்லீவின் ஓரத்தை உள்நோக்கி மடித்தால் பிடி விட்டுவிடும். பிளேடு சப்ஃப்ரேமைத் தொட்டால் அது காலத்துக்கும் இருக்கும் கீறல்.

ரப்பரை எரித்து எடுப்பது பட்டறைகளில் பார்க்கக்கூடியதுதான். வீட்டில் செய்யாதீர்கள். டிஃபரன்ஷியலுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

புதியதை ஏற்றுவது

ஓட்டையை 240 எமரித் தாளால் துருவும் பிசிறும் போகத் தேய்த்து, துணியால் துடையுங்கள். விரலால் தடவினால் எந்த மேடும் தட்டுப்படக்கூடாது. நுழையும் விளிம்பில் கூர்மை இருந்தால் அரத்தால் லேசாக உடைத்துவிடுங்கள். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டாம், ரப்பரை ஊதவைக்கும்.

புஷ்ஷை இரவெல்லாம் ஃபிரீஸரில் வைக்கும் பழக்கம் உண்டு. 60 மி.மீ. இரும்பு ஸ்லீவ் 45 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.03 மி.மீ.தான். செய்வதில் தப்பில்லை, அதையே நம்பியிருக்க வேண்டாம். அலுமினிய சப்ஃப்ரேம் என்றால் அதை ஹீட் கன்னால் 100 டிகிரி வரை சூடாக்கினால் ஓட்டை 0.1 மி.மீ. அகலும். இதுதான் உண்மையில் உதவும். டேங்க் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது என்பதால் தீயை மூடும் கம்பளி, தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமலும், பெட்ரோல் வாடை சிறிதளவு இருந்தாலும், ஹீட் கன்னைத் தொடாதீர்கள்.

அம்புக்குறியைப் பஞ்ச் புள்ளிக்கு நேராக வைத்து, கையால் நேராக நிறுத்துங்கள். தள்ளும் வட்டின் குடைந்த முகம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் வாங்கும் குழாயும் தட்டும். முதல் 5 மி.மீ. தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அவ்வளவு போனதும் நிறுத்தி, வெர்னியரால் நான்கு இடத்தில் அளவு பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சாய்ந்த புஷ்ஷை ஒரு பக்கம் தட்டி நேராக்கப் பார்த்தால் ஸ்லீவ் ஓட்டையைச் சீவிக்கொண்டு போகும். பிறகு எந்தப் புஷ்ஷும் அதில் இறுக்கமாக நிற்காது. நேராக இருந்தால் எழுதி வைத்த ஆழம் வரும்வரை ஒரே சீராக இறுக்குங்கள். மிகச் சுலபமாக, கைப்பலத்திலேயே ஏறிவிட்டது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். ஓட்டை தேய்ந்திருக்கிறது அல்லது பாகம் தவறு.

திரும்ப மாட்டுவது

டிஃபரன்ஷியலை ஜாக்கியில் ஏற்றி, எல்லா போல்ட்டையும் கையால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் ஓட்டை நேருக்கு வராது. எல்லாம் ஏறியதும் ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி, டிஃபரன்ஷியலைக் கையால் ஆட்டி, அது தானாக எந்த நிலையில் உட்காருகிறதோ அந்த நிலையில் முறுக்குங்கள். ஜாக்கியின் அழுத்தத்தோடு இறுக்கினால் ரப்பர் எப்போதும் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் புஷ் போல்ட்டை இறுக்க வேண்டும் என்ற விதியைப் படித்திருப்பீர்கள். அது சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ்ஷுக்கான விதி. டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு ஆடுவதில்லை; அதன் போல்ட்டை வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே இறுக்கலாம். ஆனால் இடத்துக்காக ஏதாவது ஆர்ம் போல்ட்டை நெகிழ்த்தியிருந்தால் அதற்கு அந்த விதி பொருந்தும். அதை மட்டும் வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்குங்கள்.

முறுக்கு அளவை உங்கள் வண்டியின் பட்டறைக் கையேட்டிலிருந்து எடுங்கள். இரும்பு மரையில் 8.8 தர எம்12 போல்ட்டுக்குப் பொதுவாக 80 முதல் 90 நியூட்டன் மீட்டரும், எம்14-க்கு 130 முதல் 140-உம் வரும். இணையத்தில் கிடைத்த எண் இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் சந்தேகப்படுவதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய மரைக்கும் கோணக் கணக்கு போல்ட்டுக்கும் இது பொருந்தாது. இறுக்கியதும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள்.

பிராப்பல்லர் ஷாஃப்ட்டைக் கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டுங்கள். வயர், மூச்சுக்குழாய், சைலன்ஸர். ஆயில் ஊற்றும்போது வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பின்புறம் மட்டும் தூக்கியிருந்தால் அளவு தவறும். பிளக் ஓட்டையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் சரியான அளவு. பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் நின்ற இடத்திலேயே, கைபேசி வீடியோவோடு அதே முன்-பின் சோதனை. பிறகு பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வரை போய்வரும் அளவுக்குச் சமதளத்தில் ஓட்டுங்கள். மலைக்கு அடுத்த நாள் போகலாம்.

60 கி.மீ.க்கு மேல் புதிதாக அதிர்வு வந்தால் ஃபிளாஞ்ச் கோடு மாறியிருக்கிறது, அல்லது நடு பேரிங் நேராக உட்காரவில்லை. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ‘கரகர’ என்றால் சைலன்ஸர் எங்காவது உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் புகார் அதுதான். பக்கவாட்டு ஷாஃப்ட் நுழையும் இடத்தில் எண்ணெய் துளிர்த்தால் மாட்டும்போது சீல் உதடு கீறியிருக்கிறது. புதுப் புஷ் நனைவதற்குள் மாற்றிவிடுங்கள். ‘டொக்’ குறைந்து, ஆனால் முழுதாகப் போகவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சப்ஃப்ரேம் புஷ்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அடியில் நுழைந்து பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். ஏதாவது ஒரு கோடு விலகியிருந்தால் அந்த போல்ட்டை அப்படியே திரும்ப முறுக்காமல், கழற்றி மரையைப் பார்த்து, சுத்தம் செய்து, புது நட்டோடு அளவுக்கு இறுக்குங்கள்.